நாலு நிறத் துண்டுகளும் ஒரு பங்களா வராந்தாவும்

1. நாற்பது கேள்விகள்

எங்கள் கம்பெனி வயதானவர்களை நிறம் பிரிக்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில். அதுவரை நாங்கள் அவர்களை இரண்டு விதமாகத்தான் பிரித்து வைத்திருந்தோம். பஸ் படியில் தானே ஏறுகிறவர்கள், கை கொடுத்து ஏற்ற வேண்டியவர்கள். தொழில் அதிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

என் பெயர் சாந்தி. ஈப்போவில் ஒரு சுற்றுலா கம்பெனியில் இருபத்தேழு வருடம் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவள். புதிதாக லைசன்ஸ் எடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். குகைக் கோயிலுக்கு எத்தனை படி, எந்தக் கடையில் கழிவறை சுத்தம் என்பதெல்லாம் இப்போது போனிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் மேனேஜர் ரவினுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கோலாலம்பூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், எங்களை உட்காரவைத்து சுவரில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டம் நாலு துண்டாக வெட்டியிருந்தது. சிவப்பு என்றால் துணிச்சல்காரர். மஞ்சள் என்றால் கலகலப்பானவர். பச்சை என்றால் ஒழுங்குக்காரர். நீலம் என்றால் அமைதியானவர்.

"அறுபது வயசுக்கு மேல ஒரு ஆளு எங்க போகணும்னு ஆசப்படுறாருங்கறத அவரோட பர்சனாலிட்டிதான் முடிவு பண்ணுது. பர்சனாலிட்டி பாதி, கல்ச்சர் பாதி. ரெண்டையும் சிஸ்டத்துல போட்டா, அவருக்கே தெரியாத ஆசைய சிஸ்டம் சொல்லிடும்" என்றார்.

"அவரு கிட்டயே கேட்டுட்டா?" என்றேன்.

"கேக்குறோமேக்கா. நாப்பது கேள்வி இருக்கு."

அந்த நாற்பது கேள்விகளை எடுத்துக்கொண்டு நான் ஈப்போவிலேயே தமிழர்கள் அதிகமாக இருக்கும் புந்தோங்கில் வீடு வீடாகப் போனேன். வேறு ஏதோ நாட்டில், வேறு யாருக்காகவோ எழுதியதைத் தமிழில் போட்டிருந்தார்கள். 'யாரையும் தெரியாத ஒரு விருந்தில் நீங்கள் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?' என்பது மூன்றாவது கேள்வி. ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரயும் தெரியாத விருந்துக்கு நான் ஏன்மா போறேன்? பத்திரிக்க வைக்காத எடத்துக்குப் போற ஆளாட்டமா தெரியுது?" என்று கேட்டார். அதற்குக் கட்டம் இல்லை. 'மலையுச்சியில் நிற்கும்போது உங்கள் உள்ளத்தில் எழுவது எது?' என்பதற்கு அவருடைய மனைவி, "மூட்டு வலி. அதுவும் உள்ளத்துல இல்ல, முட்டியில" என்றார். அதற்கும் கட்டம் இல்லை. இரண்டு பேருக்கும் நீலம் விழுந்தது.

எல்லாக் கேள்விக்கும் கீழே, கடைசியில் சின்ன எழுத்தில் இனம், நாடு என்று ஒரு கட்டம். அதை நிரப்பினால் மேலே எழுதிய நாற்பதும் ஏறக்குறைய அழிந்துவிடும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்தியர் என்றால் கோயில். சீனர் என்றால் சாப்பாடு. வெள்ளைக்காரர் என்றால் காடும் காலனி காலத்துப் பங்களாவும்.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ரவினைப் பார்த்து நான் சிரித்தேன். ஆனால் எனக்கும் உள்ளே ஒரு வட்டம் இருந்தது. பயணியின் செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிறவள் நான். புதுச் செருப்பு போட்டு வருகிறவர் குறை சொல்வார், தேய்ந்த செருப்புக்காரர் எதையும் ஏற்றுக்கொள்வார் என்று டீ நேரத்தில் பாடம் நடத்துவேன். அந்தப் பெருமை எங்கே போய் விழுந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதல் பயணத்துக்கு நாள் குறித்தார்கள். மூன்று நாள், எங்கள் பேராக் மாநிலத்துக்குள்ளேயே. ஓய்வு பெற்றவர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பும் ஒரு வெளிநாட்டு ஏஜென்சி இந்தப் பயணத்தின் மதிப்பெண்ணைப் பார்க்கப் போகிறது என்றார் ரவின். மதிப்பெண் நன்றாக வந்தால் கம்பெனிக்கு வருஷம் முழுக்க வேலை.

"வரலன்னா?" என்று கேட்டேன்.

"வரலன்னா வழிகாட்டி சிஸ்டத்த சரியா ஃபாலோ பண்ணலன்னு அர்த்தம்" என்றார். "ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா ரெகார்டு பண்ணின குரல போன்ல போட்டுடலாம்னு ஒரு ஐடியா இருக்குக்கா. ஆளே தேவயில்ல."

எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

2. துண்டு மாறாட்டம்

பதினோரு பயணிகள். ஒவ்வொருவர் கழுத்துக்கும் அவரவர் நிறத்தில் ஒரு துண்டு. எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்று எனக்கு ஒரு அட்டவணை. ஒவ்வொரு நிறத்தையும் அதனதன் இடத்தில் இறக்கிவிட்டுப் பிறகு பஸ் சுற்றி வந்து ஏற்றிக்கொள்ளும். பஸ் ஓட்டியது ஆ செங். சீனர்தான், ஆனால் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். துண்டுகளைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, ஸ்போர்ட்ஸ் டேயா?" என்று கேட்டார்.

பதினோரு பேரில் நாலு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கம்பாரிலிருந்து வந்தவர் மிஸ்டர் வோங், எழுபது வயது. நாற்பது வருடம் கோழி ஹோர்ஃபன் நூடுல்ஸ் கடை போட்டவர். சீனர், அதுவும் சாப்பாட்டுக்காரர். சிஸ்டம் யோசிக்கவே இல்லை. மஞ்சள் துண்டு, ஒரே நாளில் ஐந்து சாப்பாட்டுக் கடை.

ஹாலந்திலிருந்து வந்தவர் மார்த்தா, எழுபத்தாறு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிய அனுபவம் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். சிவப்புத் துண்டு. காட்டு நடை, அருவி, மறுநாள் துரை பங்களாவில் மாலைத் தேநீர்.

கோலாலம்பூரிலிருந்து வந்தவர் பொன்னம்பலம் சார், எழுபத்து நாலு வயது. அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்தவர். இங்கேயே பிறந்தவர்தான், ஆனால் பேச்சில் யாழ்ப்பாணம் இன்னும் விடவில்லை. கேள்வித்தாளில் இருந்த எழுத்துப் பிழைகளை எல்லாம் சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருந்தார். சிஸ்டம் மகிழ்ந்து போய்ப் பச்சை கொடுத்துவிட்டது. அவருக்கு நிமிடக் கணக்கில் அருங்காட்சியகம்.

நாலாவது, புந்தோங் அஞ்சலையம்மா. எழுபத்தோரு வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் மரம் சீவியவர். தோட்டத்தை விற்றபோது புந்தோங்குக்கு வந்துவிட்டார். பயணத்துக்குப் பதிந்தது மகன். கேள்விகளுக்குப் பதில் எழுதியதும் மகன்தான். 'அம்மாவுக்கு ஆசை ஒன்றும் கிடையாது, எங்கே கூட்டிப் போனாலும் சரி' என்று எழுதியிருந்தார். நீலத் துண்டு, முதல் நாளே நாலு கோயில்.

தேய்ந்த ரப்பர் செருப்பு போட்டிருந்தார் அஞ்சலையம்மா. எதையும் ஏற்றுக்கொள்வார் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது கோயிலிலேயே அவர் படியில் நின்றுவிட்டார். "தங்கச்சி, காலையில என் வீட்டுக்குப் பக்கத்து கோயில்ல கும்புட்டுட்டுதான் வந்தேன். ஒரே நாள்ல அஞ்சு எடத்துல போயி நின்னா சாமிக்கே போரடிக்கும்லா."

அதே நேரம் பஸ்ஸுக்குப் பின்னால் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மிஸ்டர் வோங் பையிலிருந்து உப்பு பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் புகையில் நின்றவருக்குச் சாப்பாட்டுக் கடை வாசனையே ஆகவில்லை. காட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் யார் பேச்சும் கேட்காமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மார்த்தாவுக்கோ முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. புதிய அனுபவம் என்று அவர் எழுதியது தௌகே ஆயாம் என்கிற ஈப்போவின் முளைப்பயறு கோழிச் சாப்பாட்டை நினைத்து. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் இருபது வார்த்தைகூட இருக்காது. அதை வைத்தே துண்டை மாற்றிக்கொண்டார்கள். மிஸ்டர் வோங் சிவப்புத் துண்டோடு காட்டுக்குப் போனார். மார்த்தா மஞ்சள் துண்டோடு ஐந்து கடையிலும் உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பொன்னம்பலம் சார் அருங்காட்சியகத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அட்டவணையைக் காட்டினேன்.

"பிள்ளை, முப்பத்தைஞ்சு வருசம் நான் அளந்தனான். உத்தியோகத்துக்காக அளந்தனான். இப்ப எனக்கு ஒண்டும் அளக்காமல் இருக்க வேணும்" என்றார்.

அன்று மாலை ரவினிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. மஞ்சள் மகிழ்ச்சி, சிவப்பு மகிழ்ச்சி, சிஸ்டம் சரியாக வேலை செய்கிறது, வாழ்த்துகள் என்று. துண்டுக்குள் இருக்கிற ஆள் மாறியது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

3. இறங்க மாட்டேன்

மறுநாள்தான் முக்கியமான நாள். அஞ்சலையம்மா வேலை செய்த தோட்டத்துக்கே போகிறோம். அது இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் இருபது ரப்பர் மரங்களை விட்டுவைத்து 'பால்மர அனுபவம்' என்று பலகை வைத்திருந்தார்கள். பட்டப்பகல் பதினோரு மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஒருவர் மரம் சீவிக் காட்டுவார். மேட்டுக்கு மேலே இருக்கும் பழைய துரை பங்களா இப்போது தங்கும் விடுதி. அது சிவப்புக்கு மட்டும்.

பஸ் மரங்களுக்கு எதிரே நின்றது. நீலங்களும் பச்சைகளும் இறங்கின. அஞ்சலையம்மா ஜன்னல் ஓரத்தில் அப்படியே இருந்தார்.

"வாங்கக்கா. உங்க தோட்டம்" என்றேன்.

"பாத்தாச்சி."

"இன்னும் எறங்கவே இல்லயே?"

"முப்பத்தோரு வருஷம் பாத்தேன். அந்த மரத்துல இன்னும் என்னா இருக்கு? நீ போ, நான் இங்க ஏர்கோன்ல இருக்கேன்."

ரவினுக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போனார். "அக்கா, இந்த டூரோட மெயின் மொமெண்டே அதான்! நீலம், எஸ்டேட் பின்னணி, பழைய நினைவு. கத்திய கையில குடுத்து ஒரு போட்டோ. கண்ணு கலங்குனா இன்னும் நல்லாருக்கும். ஏஜென்சி ப்ரோஷர் கவர்ல அதான் போகப் போவுது."

"எறங்க மாட்டேங்குறாங்க."

"அவங்க மனசுக்குள்ள எறங்கணும்னு இருக்கும்க்கா. சிஸ்டம் சொல்லுது."

"கால் கேக்கலயே, பாஸ்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவிளக்குக்காரர் முதல் மரத்தில் கத்தியை வைத்தார். ஜன்னல் படாரென்று திறந்தது.

"டேய், ஆழமா போவுது! பட்டைய சீவுறியா, மரத்தையே வெட்டுறியா? கட்டைல காயம் பட்டா மரம் செத்துரும்!"

அவர் திடுக்கிட்டுக் கத்தியை எடுத்தார். மார்த்தா கைதட்டினார், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து. அஞ்சலையம்மா அங்கிருந்தே ஐந்து நிமிடம் பாடம் எடுத்தார். கத்தி எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், பால் பிடிக்கிற மங்கு எங்கே இருக்க வேண்டும், பதினோரு மணிக்கு எந்த மடையன் மரம் சீவுவான் என்று எல்லாம். ஆனால் பஸ்ஸை விட்டு ஒரு கால் கீழே வைக்கவில்லை. ஜன்னலை மூடிக்கொண்டார்.

நான் போனைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு பயணியிடம் நான் கேட்காத கேள்வியை அன்றுதான், வேறு வழி தெரியாமல் கேட்டேன்.

"உங்களுக்கு என்னாக்கா பாக்கணும்?"

அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆ செங் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், ரேடியோவைக் குறைத்தார்.

"கேட்டா சிரிக்கக் கூடாது" என்றார் அஞ்சலையம்மா. "மேல அந்த பங்களா வராந்தா. அங்க ஒருவாட்டி நிக்கணும்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில்கூடப் போக விடாத பங்களா. துரை உட்கார்ந்த நாற்காலி. அதில் இவர் ஒருநாள் உட்கார வேண்டும். சரிதானே? படக் கதை மாதிரி என் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. ரவின் கேட்ட கலங்கிய கண் என்னுடையதாக ஆனது.

4. வராந்தா

மறுபடி ரவினைக் கூப்பிட்டேன். நீலத்தைப் பங்களாவுக்குக் கூட்டிப் போகக் கூடாது, பட்டியல் விடுதிக்கு அனுப்பியாகிவிட்டது, அட்டவணையை மீறினால் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும் என்றார். அறிக்கையில் எழுதினால் எனக்கு என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மார்த்தா, தன் பங்களா இடத்தை அஞ்சலையம்மாவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். "என் நாட்டுக்காரர்களும் இங்கே பக்கத்துத் தீவுகளை ஆண்டபோது இப்படி வீடுகள் கட்டி வைத்திருந்தார்கள். அந்த வராந்தாக்களில் என் தாத்தா நிற்கும் புகைப்படங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. போதும்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, வெட்கத்தோடு, அந்தக் கத்தியைத் தானும் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

நான் அஞ்சலையம்மாவின் கழுத்திலிருந்து நீலத் துண்டைக் கழற்றினேன். வேறு துண்டு போடவில்லை.

"வண்டிய எடுங்க ஆ செங், மேல போலாம்" என்றேன்.

"அறிக்கையில எழுதுவாருக்கா."

"எழுதட்டும்."

பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டிருந்த பொன்னம்பலம் சார் மேட்டில் ஏறும்போதுதான் விழித்தார். நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். விடுதி மேற்பார்வையாளர், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மலாய்க்காரர், பட்டியலைப் பார்த்துத் தயங்கினார். மார்த்தாவின் பெயருக்கு எதிரே அஞ்சலையம்மாவை நிறுத்தி, "இவங்கதான்" என்றேன் மலாயில். அவர் அஞ்சலையம்மாவைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சிலாக்கான் மாசோக், மக்சிக்", உள்ளே வாங்கம்மா, என்று வழிவிட்டார். நல்ல மனிதர்.

வராந்தாவில் பெரிய பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது. நான் அதை இழுத்துத் தூசி தட்டி, நடுவில் போட்டு, போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"உக்காருங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே மேடைக் குரலாகக் கேட்டது.

அவர் நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை. "தள்ளிக்கோ தங்கச்சி, மறைக்குது" என்று சொல்லிவிட்டு வராந்தாவின் ஓரத்துக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், கழுத்தை எட்டிப் பார்த்தார். மறுகோடிக்குப் போய் அங்கிருந்து பார்த்தார்.

"ஒம்பதாம் நம்பர் எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னா நம்பர்?"

"ஒம்பதாம் நம்பர் காடு. நான் மரம் சீவுன எடம். அந்தா அங்க புகைக்கூண்டு தெரியுது, அதுதான் பழைய ரப்பர் ஆலை. அதுக்கு வலது கையில ஆறு போவும். ஆத்துக்கு அந்தாண்ட ஒம்பதாம் நம்பர். தெரியலயே!"

"செம்பனை மறைக்குதோ என்னமோக்கா. அப்ப வேற மரமில்லயா."

இத்தனை நேரம் தூணில் சாய்ந்து நின்ற பொன்னம்பலம் சார் முன்னால் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். புகைக்கூண்டைப் பார்த்தார், ஆறு போகும் திசையைக் கேட்டார், போனில் வரைபடத்தைத் திறந்து உயரக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றையும் அளக்க மாட்டேன் என்றவர், பத்து நிமிடம் அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"அம்மா, மரம் மறைக்கேல்லை" என்றார் கடைசியில். "நடுவிலை ஒரு மேடு கிடக்கு. இந்த வீட்டிலை எங்க நிண்டாலும் அந்தப் பக்கம் தெரியாது. மரம் மாறும், நிலம் மாறேல்லை. அப்பவும் உந்த மேடு இங்கதான் கிடந்திருக்கும்."

"தூரத்த கிட்ட காட்டுற தொரபீன் வச்சிப் பாத்தாலும்?"

"எந்தத் தொரபீன் வச்சாலும் மண்ணுக்குள்ளாலை பார்க்க ஏலாது."

அஞ்சலையம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேற்பார்வையாளர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம்!" என்றார் என்னிடம். "கங்காணி தெனமும் காலையில பேரு கூப்புடுற பெரட்டுல சொல்லுவான். தொர மேலேர்ந்து தொரபீன்ல பாத்துகிட்டே இருக்காரு, எவ உக்கார்றா, எவ நிக்கிறான்னு ஒம்பதாம் நம்பருல எல்லாமே தெரியும்னு. நாங்க நம்பிட்டோம்லா. தொர மாறுவாரு, நாங்க பயந்துகிட்டே இருப்போம். வெள்ளக்காரன் போயி நம்ம ஆளு மேனேஜரா வந்தாரு, அப்பவும் மேல பாத்துகிட்டேதான் வேல செஞ்சோம். நெசமாவே தெரியுமான்னு ஒருவாட்டி வந்து பாக்கணும்னு இருந்திச்சி. அவ்வளவுதான். ஒன்னும் தெரியல பாரு. மண்ணுதான் தெரியிது!"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மறுபடி அந்த மேட்டைப் பார்த்தார்.

"என் மக கமலா வயித்துல இருந்தப்ப எட்டு மாசம் வரைக்கும் மரம் சீவுனேன். காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்கும். ஒரு நாளு உக்காரல." குரல் தணிந்துவிட்டது. "உக்காந்துருக்கலாம்."

அவர் நாற்காலி பக்கம் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கி, வராந்தாவின் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் ஓடிவந்து நாற்காலியைக் காட்டினார். அஞ்சலையம்மா வேண்டாம் என்று கையசைத்தார். மேற்பார்வையாளர் உள்ளே போய் ஒரு கோப்பை தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நான் போனை எடுத்துப் பையில் போட்டேன். படம் எடுக்கவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த சரியான காரியங்கள் கொஞ்சம்தான். அதில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் அங்கே இருந்தோம். ஆ செங் ஹார்ன் அடிக்கவில்லை. எழுந்திருக்கும்போது அஞ்சலையம்மா பொன்னம்பலம் சாரிடம், "நீங்க அப்பவே வந்து அளந்து சொல்லிருந்தா என் காலு தப்பிச்சிருக்கும் சார்" என்றார். பஸ் படியில் ஏற அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தார் அவர்.

5. அறிக்கை

திரும்பி வந்த வாரம் ரவின் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதம். ஒன்று, அட்டவணையை மீறியதற்கு நான் விளக்கம் எழுத வேண்டிய கடிதம். இன்னொன்று ஏஜென்சி அனுப்பிய மதிப்பீடு. மார்த்தா பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சாப்பாடு பற்றி, மரம் சீவக் கற்றுக்கொண்டது பற்றி, 'கேட்டுவிட்டுக் காத்திருந்த வழிகாட்டி' பற்றி. அஞ்சலையம்மாவின் மதிப்பீட்டை மகன் எழுதவில்லை, அவரே குரல் பதிவாக அனுப்பியிருந்தார். முழுவதும் இவ்வளவுதான்: "பரவால்ல. கோயில் அதிகம்."

ஏஜென்சிக்குத் திருப்தி. முதல் கடிதத்தை ரவின் கிழித்துப் போட்டார். எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதி ரவினின் அடுத்த வாக்கியம் வரைக்கும் இருந்தது.

"நமக்கு ஒரு புது நிறம் கெடைச்சிருக்குக்கா! ஊதா. எஸ்டேட்டுல வேல செஞ்ச வயசானவங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள ஆழமா ஒரு ஆசை இருக்கு. துரை பங்களா வராந்தாவுல நிக்கணும். அத பேக்கேஜா போட்டுட்டேன்."

கேள்வித்தாளில் இப்போது நாற்பத்து நாலு கேள்விகள். நாற்பத்திரண்டாவது, 'நீங்கள் எப்போதாவது ஒரு பங்களாவைத் தூரத்திலிருந்து பார்த்ததுண்டா?' ஜெலாப்பாங்கிலிருந்தும் புந்தோங்கிலிருந்தும் தோட்டத்தில் வேலை செய்த பதினெட்டு அம்மாமாரைத் தேடிப் பிடித்தார். பதினெட்டுக்கும் ஊதா விழுந்தது. அதே பங்களாவுக்கு, அதே பஸ்ஸில், நானே கூட்டிப் போனேன். வராந்தாவில் பதினெட்டு பிரம்பு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். ரவினும் வந்திருந்தார், கூடவே ஒரு வீடியோக்காரரும்.

முதலில் இறங்கிய அம்மா வராந்தாவைப் பார்த்துவிட்டு, "தண்டாஸ் எங்க?" என்று கழிவறையைத்தான் கேட்டார். இரண்டாவது அம்மாவின் தோட்டத்தில் பங்களா கீழே, தொழிலாளிகள் குடியிருந்த லயம் மேலே. துரை என்ன சாப்பிடுகிறார் என்பதுவரை தினமும் பார்த்தவராம். "அவன் பாவம்மா, தனியா உக்காந்து பேசிகிட்டு இருப்பான்" என்றார். இன்னொருவர் மரத்தடிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், போய் உண்மையாகவே அழுதார். வீடியோக்காரர் அப்போது வராந்தாவில் இருந்தார். அழைத்து வருவதற்குள் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போய்விட்டார். ஐந்து பேர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. தைப்பிங்கில் புதிதாகத் திறந்த ஷாப்பிங் சென்டருக்கு எப்போது போவோம் என்று ஆ செங்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க ஃபாரத்த சரியா நெரப்பல" என்றார் ரவின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. நான் ஓய்வு பெறும்போது ஏழு நிறம் ஆகியிருந்தது.

ரவினைச் சொல்லி முடித்துவிட்டேன். என்னையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் அஞ்சலையம்மாவை மரத்தடியில் அழவைக்கப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தேன். அவர் சிஸ்டத்தில் படித்தார், நான் செருப்பில் படித்தேன். அந்த அம்மா கேட்டது நாங்கள் இரண்டு பேரும் நினைத்தே பார்க்காத ஒன்று. ஒரே மாதிரித் தோட்டம், ஒரே வேலை, ஒரே வயது என்றாலும் ஆசை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் வளர்ந்திருக்கிறது. ஹாலந்துக்காரருக்கும் அப்படித்தான், கம்பார்க்காரருக்கும் அப்படித்தான்.

புதிதாக வருகிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். எழுபது வருடமாக யாரும் அவர்களைக் கேட்காத கேள்வி அது. பதில் வர நேரம் ஆகும். பஸ் நிற்கட்டும்.